ராஜபாளையத்தில் ஒரு வெள்ளை நாய்க் குடும்பம்

‘காட்டுப்பன்றித் தொல்லை தாங்கவில்லை. ராஜபாளையம் நாய் ஒரு ஜோடி வாங்கி விடலாமா?’ மக்காச்சோளம் கதிர் பிடிக்கும் பருவத்தில் இந்தக் கேள்வி எனக்கு வராத வாரம் இல்லை. பயிர்தான் என் துறை, கால்நடை இல்லை. ஆனாலும் கேட்கிறவர்களுக்கு ஏதாவது பதில் சொல்ல வேண்டுமே என்று, தென்காசிப் பக்கம் போகும்போது ராஜபாளையத்தில் இறங்கி, நாய் வளர்க்கும் ஒரு குடும்பத்தைப் பார்த்து வந்தேன்.

ராஜபாளையத்தை நூல் மில் ஊர் என்றுதான் பலரும் அறிவார்கள். பக்கத்துச் சத்திரப்பட்டியில் தறிக்குத் தறி ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி ஓடுகிறது. மேற்கே பார்த்தால் மலை சுவர் மாதிரி நிற்கும். அந்த மலை 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம். மலையடி வரை மாந்தோப்பும் தென்னையும். சேத்தூர் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் ஒரு வண்டிப்பாதையில் அந்த வீடு.

“எழுதுங்க சார், பேரு மட்டும் போட்டுறாதீங்க. போன் நிக்காம அடிக்கும். இருக்கிறது நாலு பொட்டை. நான் எங்க போய்க் குட்டி எடுத்துக் குடுக்க?” என்றார் வீட்டுக்காரர். அறுபதை நெருங்கும் வயது. மூன்று தலைமுறையாக நாய். இந்தப் பக்கத்துப் பல வீடுகளைப் போல வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். நாய்களோடு மட்டும் இரண்டும் கலந்து.

பேச்சு அவருடையது, பாடு வீட்டம்மாவுடையது. நான் போனபோது அந்த அம்மா கேப்பைக்கூழில் தயிர் ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தார். பிற்பகலில் அரிசிச்சோறும் கோழிக்கறியும். எந்த நாய் என்றைக்குப் பருவத்துக்கு வந்தது, எந்தக் குட்டிக்குப் பூச்சி மருந்து எப்போது என்பதெல்லாம் சமையலறைக் காலண்டரில் அவர் கையெழுத்தில் இருக்கிறது. சினை 63 நாள். ஈனும் இரவில் அந்த அம்மாவும் மாமியாரும் மாறி மாறிக் கண் விழிப்பார்கள். “ஒரு ஈத்து முடிஞ்சா அடுத்த பருவத்துக்குச் சேர்க்க விடமாட்டேன். அவுக ஆசைப்பட்டாலும் சாவி என்கிட்டதான்” என்றார். வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே தோப்புப் பக்கம் நடந்துவிட்டார்.

ராஜபாளையம் நாயின் அழகே அந்தப் பால் வெள்ளையும் இளஞ்சிவப்பு மூக்கும்தான். 2005 ஜனவரியில் அஞ்சல் துறை நான்கு இந்திய நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது இதுவும் அதில் ஒன்று. ஆனால் அந்த வெள்ளையிலேயே ஒரு வினை இருக்கிறது. தோலுக்கு நிறம் தரும் நிறமி அணுக்கள் உட்காதிலும் வேண்டும். அவை இல்லாவிட்டால் காது செவிடாகும். நெருங்கிய உறவில் சேர்த்துக்கொண்டே போனால் இந்தக் கோளாறு இன்னும் கூடும். புள்ளியுள்ள டால்மேஷன் நாய்க்கும் இதே கதைதான்.

செவிட்டுக் குட்டியை அந்தக் காலத்தில் ஈத்திலேயே கழித்துவிடுவார்கள். கழிப்பது என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை. சிலர் காதும் காதுமாக விற்றுவிடுவதும் உண்டு. வாங்கியவர் வீட்டில் அது எதற்கும் திரும்பிப் பார்க்காது. அடி வாங்கும், பிறகு தெருவுக்கு வரும்.

இந்த வீட்டில் குட்டிக்கு ஆறு வாரம் ஆனதும் கல்லூரியில் படிக்கும் மகள் ஒவ்வொன்றாகத் தனியே விட்டு, பின்னால் நின்று தாம்பாளத்தைத் தட்டுகிறாள். காற்றோ நிழலோ குட்டிமேல் படக் கூடாது. அதிர்வு தெரிந்துவிடும் என்பதால் தரையிலும் தட்டக் கூடாது. ஒரு காது மட்டும் செவிடான குட்டி இந்தச் சோதனையில் தப்பிவிடும். அதற்குக் கருவிதான் வேண்டும். முழுச் செவிடு எது என்று தெரிந்துகொள்ள இது போதும்.

நான் போன அன்று செவிட்டு நாய்கள் மூன்று இருந்தன. மூன்றுக்கும் கருத்தடை செய்தாயிற்று. உள்ளங்கையைக் கீழே காட்டினால் உட்காருகின்றன, தொடையைத் தட்டிக் காட்டினால் வருகின்றன. தூங்கும்போது தொட்டு எழுப்புவதில்லை. மூக்கருகே கையை நீட்டிக் காத்திருக்கிறார்கள். திடுக்கிட்டால் எந்த நாயும் கடிக்கும். சுற்றுச்சுவர் உள்ள வீட்டார், சொன்னபடி வளர்ப்போம் என்று வந்து கேட்டால் இவற்றை இலவசமாகவே கொடுக்கிறார்கள். செவிட்டுக் குட்டி வந்த ஜோடியை மறுபடி சேர்ப்பதில்லை. நல்ல விலை போகும் ஆண் நாய் ஒன்று அப்படிச் சும்மா நிற்பதைப் பார்த்தேன். கணக்குப் பார்த்தால் நஷ்டம்தான்.

வீட்டுக்காரரின் பொழுதுபோக்கு மா ஒட்டுக் கட்டுவது. நாயைப் பற்றிப் பேசப் போன என்னை அரைமணி நேரம் மரத்தடியில் நிறுத்திவிட்டார். ஒரே மரத்தில் சப்பட்டை, கிளிமூக்கு, இமாம்பசந்து என்று ஐந்து ரகம். வெட்டு சுத்தம், கட்டு இறுக்கம். நான் குறை சொல்ல ஒன்றுமில்லை. “ஒட்டுக்கு ரகம் பார்க்கிறோம், நாய்க்குப் பார்க்க மாட்டோமா சார்?” என்றார்.

பல வருடத்துக்கு முன் பக்கத்துத் தெருப் பையனை ஒரு குட்டி நாய் கீறியிருக்கிறது. சின்னக் காயம்தானே என்று சுண்ணாம்பு தடவி விட்டுவிட்டார்கள். இரண்டு மாதத்தில் வெறிநோய், பிள்ளை பிழைக்கவில்லை. கடித்தது இந்த வீட்டு நாய் இல்லை. ஆனாலும் அதிலிருந்து ஒவ்வொரு ஈத்திலும் ஒரு குட்டியின் பணத்தை அந்த அம்மா தனியே எடுத்து வைக்கிறார். வருடத்துக்கு ஒருமுறை கால்நடை மருத்துவரை அழைத்து ஊர்நாய்களுக்கெல்லாம் வெறிநோய்த் தடுப்பூசி. பிடிப்பதற்குத் தெருப் பிள்ளைகள், அவர்களுக்கு அன்று மதியச் சாப்பாடு இந்த வீட்டில். கீறலானாலும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி வீடு வீடாகச் சொல்கிறார்கள். அரசு ஆஸ்பத்திரியில் ஊசி இலவசம். சொன்ன தேதிகளில் எல்லா ஊசியையும் போட வேண்டும்.

இனி வாசகர்களின் பன்றிக் கேள்விக்கு வருகிறேன். அவரிடமே கேட்டேன். “ஒரு நாய் குரைச்சு உங்களை எழுப்பும், அவ்வளவுதான். கூட்டத்து மேல பாஞ்சா கொம்புல வயிறு கிழிஞ்சு வரும். வேலியப் போடச் சொல்லுங்க” என்றார். பன்றி, முயல் வேட்டைக்கு என்று கேட்டு வருபவர்களுக்கு அவர் கொடுப்பதே இல்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம் என்பது ஒன்று. நாய் திரும்பி வராது என்பது அவருக்கு அதைவிடப் பெரிது.

காவலுக்குத்தான் என்று முடிவு செய்தவர்கள் எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை வாங்காதீர்கள். 2017ஆம் ஆண்டு மத்திய விதிகளும் அதைத்தான் சொல்கின்றன. தாயைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள். போகும்போது ஒரு தாம்பாளத்தையும் கையோடு எடுத்துப் போங்கள்.