மணநாள் நினைவு

மறைந்த பெற்றோரை நினைவுகூர நம் முன்னோர் வகுத்த நாள் திதி. எள்ளும் நீரும் இறைத்து அன்று நாம் ஆற்றும் கடன் உயர்ந்ததே. ஆயினும் தந்தைக்கு ஒரு நாள், தாய்க்கு ஒரு நாள் எனத் திதிகள் இரண்டாகவே அமைகின்றன. இருவரையும் ஒருசேர நினைப்பதற்குரிய நாள் அவர்கள் கைப்பிடித்த நாள். என் பெற்றோர் வாழ்ந்த காலத்தில் அந்நாளைக் கொண்டாடியதில்லை. அவர்கள் தலைமுறையில் அவ்வழக்கம் அரிது. அவர்கள் மறைந்த பின்னர் நாங்கள் அதனைப் போற்றத் தொடங்கினோம்.

அவர்களுடைய திருமண அழைப்பிதழ் எங்களிடம் உள்ளது. மூலைகளில் மஞ்சள் தடவிய அத்தாளில் அச்சேறியிருக்கும் நாள் ஆனந்த ஆண்டு வைகாசித் திங்கள், 1974 மே 24, வெள்ளிக்கிழமை. அவ்வரியை மையினால் அடித்துவிட்டு, 'ஆனி, ஜூன் 30, ஞாயிறு' என்று தாய்வழிப் பாட்டனார் தம் கையாலேயே எழுதியிருக்கிறார்.

தந்தையார் அப்போது தில்லியில் எழுத்தர். அன்னையாரின் ஊர் மாயூரத்திற்கு அருகில் ஒரு சிற்றூர். அவ்வாண்டு மே 8ஆம் நாள் நாடு தழுவிய ரயில்வே வேலைநிறுத்தம் தொடங்கியது. ஏறத்தாழ 17 லட்சம் தொழிலாளர் ஈடுபட்ட அப்போராட்டம் மே 27இல்தான் கைவிடப்பட்டது. தமிழ்நாடு விரைவுவண்டி இல்லாத காலம் அது. 1976இல்தான் அது வந்தது. கிராண்ட் டிரங்க் வண்டியை நம்பியிருந்த தில்லித் தமிழர்களுக்கு, வண்டி புறப்படுமா, புறப்பட்டாலும் போய்ச் சேருமா என்று எவராலும் உறுதி கூற இயலவில்லை. விமானமோ எழுத்தரின் ஊதியத்திற்கு எட்டாத ஒன்று. நாளை மாற்றும்படி தந்தையார் தந்தி கொடுத்தார்.

அங்கே பந்தற்கால் நட்டாகிவிட்டது. குறித்த நாள் தள்ளிப்போவது நல்ல சகுனமன்று என்று உறவினர் முணுமுணுத்தனர். தில்லி மாப்பிள்ளையை விட்டுவிட்டு அதே முகூர்த்தத்தில் உள்ளூர் வரனைப் பார்த்து முடித்துவிடலாம் என்றும் சிலர் கூறினர். பாட்டனாரும் சற்றே தளர்ந்துவிட்டார். பெரியவர்கள் முன் வாய் திறவாத அன்னையார் அன்று மட்டும், "ரயில் ஓடாததற்கு அவர் என்ன செய்வார் அப்பா? நாள் தள்ளினால் என்ன, வந்து சேருவார்" என்றாராம். பாட்டனார் மறுமொழி கூறாமல் எழுதுகோலை எடுத்து, எஞ்சியிருந்த அழைப்பிதழ்களில் நாளைத் திருத்தத் தொடங்கினார்.

"நாள் தள்ளினால் என்ன, வந்து சேரும்" என்னும் அச்சொற்களே பின்னர் எங்கள் குடும்பத்தின் பழமொழி ஆயின. கரோல்பாகில் மொட்டைமாடி அறையொன்றில் கோடையைக் கழித்தபோதும், அரசுக் குடியிருப்புக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தபோதும், தந்தையாரின் பதவி உயர்வு தாமதித்தபோதும் அன்னையார் அதையே சொன்னார். வேலைநிறுத்தம் செய்தவர்களை எவரேனும் குறை கூறினால், "அவர்கள் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டுமல்லவா?" என்று தந்தையார் இடைமறிப்பார். தம் திருமணத்தையே தள்ளிவைத்த ஒரு போராட்டத்தின்மீது அவருக்குச் சிறிதும் மனத்தாங்கல் இருந்ததில்லை. இவ்விரு கூற்றுகளையும் கேட்டு வளர்ந்ததே எங்களுக்குக் கிடைத்த பெருஞ்சொத்து.

2024 ஜூன் 30இல் அவர்களுடைய மணநாளின் பொன்விழா. உடன்பிறந்தோர் யாவரும் தில்லியில் கூடினோம். அன்று எள் இல்லை. வாழையிலையில் பாயசமும் வடையுமாகத் திருமண விருந்து. இந்தியில் சிந்தித்துத் தமிழில் பேசும் எங்கள் பிள்ளைகள் அழைப்பிதழைக் கைமாற்றிப் பார்த்தனர். "பாட்டி சரியென்று சொல்லியிருக்காவிட்டால்?" என்று இளையவள் வினவினாள். ஒருவரும் விடை கூறவில்லை. அங்கிருந்த அத்தனை பேரும் அச்சொல்லால் வந்தவர்களே.

ஊரைவிட்டு வந்த நமக்குப் பூர்வீக வீடும் தோட்டமும் பெரும்பாலும் கைநழுவிப் போயின. பெற்றோரின் கதைகளேனும் எஞ்சட்டும். இந்த மலரைப் படிப்போருள் பெற்றோரை உடன் வைத்திருக்கும் பேறுடையவர்கள், அவர்களின் மணநாள் எது, அன்று என்ன நிகழ்ந்தது என்று இன்றே கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பஞ்சாங்கத்தைப் பார்த்துத் திதியைக் கணித்துக்கொள்ளலாம். அந்த மணநாளின் கதையை அவர்கள் வாய்மொழியாக அன்றி வேறெங்கும் பெற இயலாது.