கப்பலுக்கு முன் சில நகரங்கள்

கப்பல் யாருக்காகவும் காத்திராது. ஆதலால் எங்கள் ஐரோப்பியப் பயணத்தைக் கடைசி நாளிலிருந்து பின்னோக்கியே திட்டமிட்டோம். 2021 ஆகஸ்டு முதல் பெருங்கப்பல்கள் வெனிசின் மாற்கு சதுக்கத்தை ஒட்டிச் செல்லத் தடை. விளம்பரத்தில் வெனிஸ் என்றிருந்தும், கப்பல் ஏறுமிடம் ஏறத்தாழ 145 கிலோமீட்டர் தெற்கேயுள்ள ரவென்னா. பாரிஸ், ரோம், பிளாரன்ஸ், வெனிஸ் என்ற என் பட்டியலில், முழங்கால் நோவுடைய என் துணைவியார் முதலில் பாரிசை அடித்தார். ரோமிலிருந்து பிளாரன்ஸ் விரைவு இரயிலில் ஒன்றரை மணி நேரந்தான். பெட்டி கட்டிச் சுமப்பதில் கரையும் அரைநாளை எந்தக் கால அட்டவணை சொல்கிறது? வெனிசிலிருந்து அரைமணித் தொலைவிலுள்ள பதுவை அவர் சேர்த்தது. அந்தோணியாரின் கல்லறையில் கை வைத்து நிற்பது ஒன்றையே கேட்டார். ரவென்னாவுக்கு முதல்நாளே போய்த் தங்க வேண்டும். அந்த ஓரிரவுக்காகப் பிளாரன்சையும் விட்டோம்.