ஹவுராவில் ஓர் அம்பாசிடர்

சென்னை மெயிலில் ஹவுரா வந்திறங்கும் நம்மவர்க்கு, நெடுங்காலமாக முதல் வரவேற்பு அளித்தது மஞ்சள் நிற அம்பாசிடர் டாக்ஸியே. உத்தரபாராவில் 1957 முதல் 2014 வரை உருவான அம்பாசிடர், இங்கிலாந்து நாட்டு மாரிஸ் ஆக்ஸ்போர்டின் வழித்தோன்றல். அந்நாட்டிலேயே 1996-ல் பிறந்த லோட்டஸ் எலீஸ் என்னும் பந்தய வகைக் காரோ, ஏறத்தாழ 725 கிலோ எடையே உடையது. அதன் அலுமினியச் சட்டம் 68 கிலோதான். எடை குறைந்தமையால் சிறு எஞ்சினும் அதனைக் காற்றெனச் செலுத்தும். ஆயினும் இருக்கைகள் இரண்டே!

அம்பாசிடரோ பாட்டி, பேரன், ஊறுகாய் ஜாடி, படுக்கைச் சுருள் அனைத்தையும் ஏற்று, ஹவுரா பாலத்தை ஆடி அசைந்து கடக்கும். ஆண்டுதோறும் அவ்வண்டிகள் அருகி வருகின்றன. எடை குறைந்தால் விரைவு பெருகும் என்பது மெய்யே. உற்றாரை இறக்கிவிட்டுப் பெறும் விரைவு, ஊர் விட்டு வந்த நமக்கு எதற்கு?