எழுத்தாணியும் ஏழு மரங்களும்

நம் நாட்டில் எழுத்து விரலிலிருந்து தொடங்குகிறது. விஜயதசமியன்று தட்டில் பச்சரிசியைப் பரப்பி, குழந்தையின் ஆள்காட்டி விரலைப் பிடித்து முதல் எழுத்தை எழுதுவிக்கிறோம். சென்ற தலைமுறையில் திண்ணைப் பள்ளிக்கூடத்து மணல் அந்தக் காரியத்தைச் செய்தது. மணலை விட்டு ஓலைக்கும், ஓலையை விட்டுக் காகிதத்துக்கும் வந்தோம். இப்போது காகிதமும் போய்ப் பொத்தான் வந்திருக்கிறது. பொத்தானை அழுத்தினால் அச்சடித்தது போன்ற எழுத்துத் திரையில் வந்து விழுகிறது. கைக்கு அதில் ஒரு பங்கும் கிடையாது. பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்களும் இப்படியே ஆகிவிட்டன என்று வீட்டுப் பெரியவர்கள் வருத்தப்படுகிறார்கள். அந்த வருத்தத்தில் நியாயம் இருக்கிறது.

ஆயினும், அந்தப் பொத்தான் ராஜ்யத்துக்குள்ளேயே ஒரு சமயம் எழுத்தாணி திரும்பி வந்து பட்டம் கட்டிக்கொண்டது. அந்த வினோதத்தையும், அதனால் எங்கள் குடும்பத்தில் விளைந்த ஒரு நன்மையையும் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

ஜப்பான் தேசத்தில் கியோட்டோ நகரில் 1889-ஆம் ஆண்டு சீட்டுக்கட்டுச் செய்யத் தொடங்கிய நிண்டெண்டோ என்னும் கம்பெனி, காலப்போக்கில் உலகெங்கும் வீடியோ விளையாட்டுக்களுக்குப் பேர் போனது. அவர்கள் 2004-இல் ஒரு கையடக்க யந்திரத்தை வெளியிட்டார்கள். 'டிஎஸ்' என்பது அதன் பெயர். சிறு கணக்குப் புத்தகம் போல விரித்து மூடலாம். விரித்தால் மேலே ஒரு திரை, கீழே ஒரு திரை. கீழ்த்திரை தொட்டால் உணரும். தொடுவதற்கென்று ஒரு சின்ன எழுதுகோலும் யந்திரத்தின் உடம்பிலேயே செருகியிருக்கும். பதினைந்து கோடிக்கு மேல் விற்ற யந்திரம் அது.

இந்த யந்திரத்துக்கென்று 2007-இல் ஒரு சாகஸக் கதை விளையாட்டு வந்தது. 1986 முதல் வந்துகொண்டிருக்கும் 'ஸெல்டா' வரிசையில் அதுவும் ஒன்று. 'ஃபாண்டம் ஹவர்கிளாஸ்' என்று அதற்குப் பெயர். மாய மணற்கடிகாரம் என்று நாம் சொல்லலாம். பேய்க்கப்பல் ஒன்று தன் தோழியைக் கவர்ந்து சென்றுவிட, ஒரு சிறுவன் தீவு தீவாய்க் கடலில் அலைந்து அவளைத் தேடுகிறான். கதை இவ்வளவே. அவனை நடத்தும் முறைதான் புதிது.

இத்தகைய விளையாட்டுக்களில் வழக்கமாக ஒரு பொத்தானை அழுத்தினால் வீரன் நடப்பான். வேறொன்றை அழுத்தினால் வாள் வீசுவான். இங்கே அந்த ஏற்பாடே இல்லை. எழுதுகோலைத் திரையில் வைத்தால் ஒளிவடிவான ஒரு சிறு தேவதை அங்கே பறந்து போகிறது; சிறுவன் அதைப் பின்தொடர்கிறான். கோல் அவனுக்கு அருகில் இருந்தால் மெல்ல நடப்பான். எட்ட இருந்தால் ஓடுவான். ஒரு கோடு கிழித்தால் வாள் வீசுவான். அவனைச் சுற்றி வட்டம் போட்டால் சுழன்று வெட்டுவான். கப்பல் போக வேண்டுமானால் கடல் படத்தின் மேல் பாதையை வரைய வேண்டும். வரைந்த கோட்டின் வழியே கப்பல் போகும். படத்தில் குறிப்பும் எழுதி வைத்துக்கொள்ளலாம். எரியும் விளக்கை அணைக்க, யந்திரத்தின் ஒலிவாங்கியில் நாமே வாயால் ஊத வேண்டும்!

இதை எல்லாரும் கொண்டாடிவிடவில்லை. கை திரையை மறைக்கிறது என்றும், பழைய பொத்தான் முறையையும் வைத்திருக்கலாமே என்றும் குறை சொன்னவர்கள் உண்டு. பழகிய விரலுக்குப் புது வழி கஷ்டந்தான். ஆனால் பொத்தானே பழகாத ஒருவருடைய கையில் அந்த யந்திரம் அகப்பட்டால் என்ன ஆகும்? அதை நான் கண்ணால் பார்த்தேன்.

என் தகப்பனார் கடலூரில் நீதிமன்றக் குமாஸ்தாவாக இருந்தவர். முப்பத்துநான்கு வருஷம் நகல் எழுதுவதே அவருடைய உத்தியோகம். மஞ்சக்குப்பத்தில் அவருடைய கையெழுத்தைத் தெரியாத வக்கீல் கிடையாது. 1918-இல் புதுச்சேரியை விட்டுப் புறப்பட்ட பாரதியாரைப் பிடித்துச் சிறை வைத்த ஊர் எங்கள் கடலூர். "பேனாவுக்குப் பயந்துதானே அவரை உள்ளே போட்டார்கள்!" என்று அப்பா அடிக்கடி சொல்லுவார். பேனா பிடித்த கைக்கு ஒரு கௌரவம் உண்டு என்பது அவருடைய சித்தாந்தம்.

அந்தக் கைக்கு எழுபத்தெட்டாவது வயதில் நடுக்கம் வந்தது. முதலில் காபி தம்ளர் ஆடியது. பிறகு பேனா ஆடியது. கடைசியில் கையொப்பம் மாதத்துக்கு ஒரு விதமாக விழ ஆரம்பித்தது. பென்ஷன் வாங்கும் வங்கியில் இருந்தவர்கள் மரியாதையாகவே சொன்னார்கள்: "ஐயா, கையெழுத்து ஒத்துவரவில்லை. பெருவிரல் ரேகை வைத்துவிட்டால் உங்களுக்கும் சிரமம் இல்லை, எங்களுக்கும் சிரமம் இல்லை."

அப்பா எழுந்து வந்துவிட்டார். "ஊரார் பத்திரத்தையெல்லாம் நகல் எழுதினவன் நான். என்னைக் கைநாட்டு வைக்கச் சொல்லுகிறார்களா?" என்றார். அதற்குப் பிறகு நான்கு மாதம் அவர் வங்கிப் பக்கம் போகவே இல்லை. பென்ஷன் பணம் அங்கேயே கிடந்தது. பணத்தைக் காட்டிலும், அவர் பேனாவை எடுத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டதுதான் எங்களுக்கு மனக்கஷ்டமாக இருந்தது. பேச்சும் குறைந்துவிட்டது.

2011 ஜூன் மாதம் என் தமக்கை தன் பெண்ணுடன் சிங்கப்பூரிலிருந்து வந்திருந்தாள். பெண்ணுக்குப் பதினோரு வயது. எல்லாருமாகச் சிதம்பரம் போய்ச் சுவாமி தரிசனம் செய்து வருவதென்று திருப்பாதிரிப்புலியூரில் ரயில் ஏறினோம். கல்லிலே கட்டிக் கடலிலே தள்ளப்பட்ட அப்பர் சுவாமிகள் அந்தக் கல்லையே தெப்பமாகக் கொண்டு கரையேறிய தலம் திருப்பாதிரிப்புலியூர் என்பது நேயர்கள் அறிந்ததே. குழந்தைக்கு அந்தச் சரித்திரத்தை அப்பா சொல்லிக்கொண்டு வந்தார். அவள் கேட்டுவிட்டு, "தாத்தா, என்னிடமும் ஒரு கடல் கதை இருக்கிறது" என்று டிஎஸ் யந்திரத்தை எடுத்து விரித்தாள். புது ஆட்டம் ஒன்றைத் தொடங்கி, எழுதுகோலை அவர் கையில் கொடுத்தாள்.

அப்பா தயங்கினார். கை நடுங்கியது. கோலின் முனை திரையில் பட்டதும் சிறுவன் நடந்தான். முனை கொஞ்சம் இப்படியும் அப்படியும் ஆடினாலும் அவன் போகிற திசை மாறவில்லை. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "மணலில் எழுதுகிற மாதிரி இருக்கிறதே!" என்றார்.

ஆட்டத்தின் ஆரம்பத்திலேயே ஒரு குகை வருகிறது. கடற்கரையில் பனை போன்ற மரங்கள் எத்தனை நிற்கின்றன என்று எண்ணி, விடையை அங்கே எழுதினால்தான் மேலே வழி கிடைக்கும். குழந்தை அதைத் தமிழில் சொன்னாள். அப்பா வெளியே வந்து, கரை நெடுக நடந்து, ஒருமுறைக்கு இருமுறை எண்ணினார். குமாஸ்தா அல்லவா? விடை ஏழு. குகைக்குத் திரும்பிப் போய், ஆடும் கையால் எழுதினார். வழி திறக்கவில்லை.

எட்டிப் பார்த்தேன். அவர் எழுதியிருந்தது '௭'. திண்ணைப் பள்ளிக்கூடத்து மணலில் கற்ற தமிழ் எண் அது. கோலைப் பிடித்ததும் கை அந்த நாளுக்கே போய்விட்டது போலும்! "தாத்தா, இது 'எ' அல்லவா?" என்று குழந்தை கேட்டாள். தமிழிலும் எண்கள் உண்டென்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. ஒன்று முதல் பத்து வரையில் அவள் உள்ளங்கையிலேயே எழுதிக் காட்டினார். பிறகு யந்திரத்துக்குத் தெரிந்த '7' எழுதினார். கோணலான ஏழுதான், ஆனாலும் வழி திறந்தது. நான்கு மாதத்துக்குப் பிறகு அவர் எழுதிய ஓர் எழுத்தை ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்!

ரயில் பரங்கிப்பேட்டையைத் தாண்டி வெள்ளாற்றுப் பாலத்தின் மேல் போகும்போது குழந்தை தன்னுடைய பழைய ஆட்டத்தைத் திறந்தாள். அதில் ஓரிடத்தில் இரண்டு நாளாகச் சிக்கிக்கொண்டு கிடக்கிறாளாம். மேல்திரையில் ஒரு முத்திரை தெரிகிறது. கீழ்த்திரையில் கடல் படம் இருக்கிறது. முத்திரையைப் படத்தின் மேல் வைத்து அழுத்த வேண்டும் என்று யந்திரம் சொல்லுகிறது. தேய்த்துப் பார்த்தாள், வரைந்து பார்த்தாள், ஊதியும் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

அப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். "இதற்கு எழுதுகோல் எதற்கு, அம்மா? மை ஒற்றுகிற காரியம் அல்லவா இது?" என்றார். பேரேட்டை மூடுவது போல யந்திரத்தை மூடினார். ஒரு விநாடி வைத்திருந்து திறந்தார். முத்திரை கடல் படத்தில் பதிந்திருந்தது. குழந்தை போட்ட கூச்சலில் வண்டியிலிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மைக்கூடும் ஒற்றுத்தாளும் கண்டறியாத குழந்தைக்கு விளங்காதது, குமாஸ்தாவுக்கு ஒரு பார்வையில் விளங்கிவிட்டது.

சிதம்பரத்தில் தரிசனம் முடிந்து பிராகாரத்தில் உட்கார்ந்தோம். தேவார ஏடுகள் கிடைத்த வரலாற்றைக் குழந்தைக்குச் சொல்லும்படி தமக்கை கேட்டாள். ராஜராஜ சோழ மன்னர் தேவார ஏடுகளைத் தேடியபோது, அவை தில்லைக் கோயிலின் ஓர் அறையில் இருப்பதாகத் திருநாரையூர் நம்பியாண்டார் நம்பி சொன்னார் என்பது திருமுறை கண்ட புராணம் கூறும் வரலாறு. அறை மூடியிருந்தது. மூவர் தங்கள் கையடையாளம் இட்டு வைத்த அறை அது. அவர்களே வந்தால்தான் திறக்கலாம் என்றார்கள் தில்லைவாழ் அந்தணர்கள். மன்னர் மூவருடைய திருவுருவங்களையும் எழுந்தருளச் செய்து அறையைத் திறப்பித்தார். உள்ளே கறையான் அரித்தது போக மிஞ்சியதுதான் இன்று நமக்குக் கிடைத்திருக்கும் தேவாரம்.

கதையைச் சொல்லி வந்த அப்பா, 'கையடையாளம்' என்ற இடத்தில் சற்றே நிறுத்தினார். தம்முடைய உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு கதையை முடித்தார். எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் அவரே என்னை வங்கிக்குக் கூப்பிட்டார். மைப் பெட்டியைத் தம் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, "தேவாரப் பாட்டு எழுதின கையே ஒற்றி முத்திரை வைத்திருக்கிறது. எனக்கு என்ன குறைச்சல்?" என்று சிரித்தபடி பெருவிரலை ஒற்றினார். சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன். அவர் அதைக் கூர்ந்து பார்த்து, "உன் கையெழுத்து என் ரேகையைவிட மோசமாக இருக்கிறது" என்றார். அதன் பின் அவர் இருந்த நான்கு ஆண்டுகளும் மாதந்தோறும் தடையின்றி நடந்தது.

யந்திரம் நோயைத் தீர்த்ததாக நான் சொல்ல வரவில்லை. நடுக்கம் கடைசி வரையில் இருந்தது. ஒரு விளையாட்டு, அழுத்தும் பொத்தானை விட்டு எழுதும் கையை நம்பியது. அதனால் எழுதிப் பழகிய ஒரு முதியவர், விளையாடிப் பழகிய குழந்தைக்குச் சமமாக அதில் நுழைய முடிந்தது. பொத்தான் யந்திரமாக இருந்தால் அவர் எட்டியும் பார்த்திருக்கமாட்டார்.

ஆனால் அந்த '௭' என் நெஞ்சில் இன்னும் உறுத்துகிறது. எழுத்தாணி பிடிப்பதில் நமக்கு ஈடு யார்? ஏடெழுதுவோர் இடக்கையில் ஓலையைப் பிடித்து, இடக்கைப் பெருவிரலால் ஆணியைத் தாங்கித் தள்ளிக் கீறுவார்கள். பிறகு கரியைத் தடவினால்தான் எழுத்துக் கண்ணுக்குத் தெரியும். வலக்கை ஏறக்குறைய நின்ற இடத்தில் நிற்க, ஓலைதான் நகரும். இவ்வளவு விசித்திரமான கைத்தொழில் தெரிந்த நாட்டின் குழந்தை, எழுத்தாணியால் ஆடும் ஆட்டத்தை அயல்நாட்டிலிருந்து வாங்கி ஆடுகிறது. அதில் நம் எண்ணை எழுதினால் வழி திறப்பதில்லை.

ஜப்பானியரை இதற்குக் குறை கூறுவது தகாது. அவர்கள் தங்கள் கதையைத் தங்களுக்குத் தெரிந்தபடி சொன்னார்கள். நம்மால் ஆகாத காரியமும் அல்ல. புனாவில் நம்மவர்கள் செய்த 'ராஜி' என்னும் சாகஸ விளையாட்டு, காணாமற்போன தம்பியைத் தேடிப் போகும் நம் நாட்டுப் பெண்ணைப் பற்றியது. அது 2020-இல் வெளிவந்தது, அதுவும் முதலில் நிண்டெண்டோவின் புதிய கையடக்க யந்திரத்திலேயே. கைப்பேசியில் விரலால் தமிழ் எழுதினால் அதை அறிந்துகொள்ளும் வித்தையும் இப்போது வந்துவிட்டது. யந்திரத்துக்கு நம் எழுத்தைப் படிக்கத் தெரிந்துவிட்டது; நம் கதையை அதற்குச் சொல்லிக் கொடுப்பதுதான் பாக்கி.

கல்லைத் தெப்பமாக்கிக் கடலைக் கடந்தவர் கதை கடலூரில் இருக்கிறது. கையடையாளத்தால் மூடிய அறையின் கதை சிதம்பரத்தில் இருக்கிறது. வீடு தோறும் கெட்டிக்காரப் பிள்ளைகள் இருக்கிறார்கள். நேயர்கள் தங்கள் குழந்தைகளிடம் விளையாட்டு யந்திரத்தைப் பிடுங்கி வைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். தமிழ் எண்கள் பத்தையும் அவர்களுக்கு எழுதக் கற்றுக் கொடுங்கள். நாளைக்கு அவர்களில் ஒருவர் செய்யப்போகும் விளையாட்டில், '௭' என்று எழுதினால் கதவு திறக்கட்டும்.