ஒட்டும் தையலும்

வெட்டுவதும் ஒட்டுவதும் பத்திரிகைக்காரனின் அன்றாடத் தொழில். 1976 ஆம் ஆண்டு கொழும்பில் நாளிதழொன்றில் ஒப்புநோக்காளனாகச் சேர்ந்த காலத்தில் ஈய எழுத்துக்கள் இருந்தன. பின்னர் புரோமைட் தாள்களைக் கத்தரித்துப் பசை பூசிப் பக்கம் அமைத்த காலம் வந்தது. இறுதியில் கணினித் திரையிலேயே எல்லாம் முடிந்தது. இந்த மூன்று காலங்களையும் கண்டவன் என்ற பெருமை எனக்கு உண்டு. ஆனால், எழுபதை அண்மித்த வயதிலே துணியை வெட்டி ஒட்டுவதற்கு எனது மனைவியிடம் மாணவனாக உட்கார வேண்டிவரும் என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை.

மனைவி இளைப்பாறிய மனையியல் ஆசிரியை. ஒரு துணியின் மீது இன்னொரு துணியை உருவமாக வெட்டி வைத்துத் தைக்கின்ற அப்ளிக் வேலையில் கைதேர்ந்தவர். துண்டின் ஓரத்தை ஊசிமுனையால் உள்ளே மடித்துவிட்டு, நூல் வெளியே தெரியாதவாறு கையினாலேயே தைப்பது அவரது முறை. கோயில் தேரிலே தொங்கும் தொம்பைகளைப் பார்த்தவர்களுக்கு இந்த வேலை புதியதல்ல. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இவ்வாறு அலங்கரித்த துணியை மேலே வைத்து, நடுவில் பஞ்சுத் தகடும் கீழே இன்னொரு துணியும் வைத்து, மூன்றையும் சேர்த்துத் தைத்துப் போர்வையாக்குகிறார்கள். குவில்ட் என்பது அதுதான்.

2020 ஆம் ஆண்டு மார்ச் மாதம் கொரோனா தொற்றினால் நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டு வீட்டுக்குள் முடங்கிய நாட்களில் ரொறன்ரோவில் எமக்கொரு பேத்தி பிறந்தாள். போக முடியவில்லை. அந்தத் தவிப்பில்தான் மனைவி ஒரு குவில்ட் தொடங்கினார். பன்னிரண்டு அங்குலச் சதுரங்கள் பன்னிரண்டு. ஒவ்வொன்றிலும் ஓர் உயிரெழுத்து. பாடசாலைக்கு உடுத்துச் சென்ற பழைய பருத்திச் சேலைகளே எழுத்துக்களுக்கான துணி. “பிள்ளை படுத்திருந்து எழுத்துப் பாக்கட்டும்” என்றார்.

எமது எழுத்துக்களில் நேர்கோடு குறைவு. வளைவும் சுழியும் அதிகம். ஒவ்வொரு வளைவிலும் ஓரத்தை மடித்துத் தைப்பதென்பது இலேசான காரியமல்ல. 2021 ஆம் ஆண்டு முடிவடைகையில் ‘அ’ முதல் ‘உ’ வரை ஐந்து எழுத்துக்கள் முடிந்திருந்தன. அதற்கிடையில் முடக்குவாதம் அவரது விரல் மூட்டுகளைப் பற்றிக்கொண்டது. காலையில் தேநீர்க் கோப்பையையே இரு கைகளாலும் பிடிக்க வேண்டியிருந்தது. ஊசியைப் பிடிப்பது எப்படி? எஞ்சிய ஏழு சதுரங்களும் அலுமாரிக்குள் போயின. அதைப்பற்றி அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

மகள் விடயத்தை அறிந்து, கனடாவிலிருந்து வந்த உறவினர் ஒருவரிடம் ஒரு பொதி கொடுத்தனுப்பினாள். உள்ளே சுருட்டிய தாள். ஒரு புறம் வெறுந்தாள். மறுபுறம் சிலந்தி வலை போன்ற மெல்லிய பசைப்படலம். சூடுபட்டால் அது உருகித் துணியோடு துணியை ஒட்டிவிடும். ஓரத்தை மடிக்க வேண்டியதில்லை. ஒட்டிய பின்னர் இயந்திரத்தால் ஓரம் தைத்துக்கொள்ளலாம். மனைவி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

“ஒட்டின வேலை ஒரு தோய்ச்சலுக்குக் காணாது. உது எனக்கு வேண்டாம்.”

அவருக்கு மறுப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. எனவே, பத்திரிகைக்காரன் செய்வதையே செய்தேன். தேடி வாசித்தேன். அப்போதுதான் ஹரியற் பவர்ஸ் என்ற பெண்மணியைப் பற்றி அறிந்தேன். 1837 ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். அவர் செய்தவற்றில் இரண்டு குவில்ட்கள் இன்றும் உள்ளன. ஒன்று வொஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில், மற்றையது பொஸ்ரன் நுண்கலை அருங்காட்சியகத்தில். முதலாவதை 1886 ஆம் ஆண்டு ஏதென்ஸ் நகரப் பருத்திக் கண்காட்சியில் வைத்தபோது ஓர் ஓவிய ஆசிரியை விலைக்குக் கேட்டார். பவர்ஸ் கொடுக்கவில்லை. சில ஆண்டுகளின் பின்னர் வறுமை நெருக்கியதால் ஐந்து டொலருக்கு விற்றார். விற்கும்போது ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள காட்சியை விளக்கிச் சொன்னார். வாங்கியவர் அதை எழுதி வைத்துக்கொண்டதனால்தான் நாம் இன்று அறிகிறோம்.

பொஸ்ரனில் உள்ள குவில்டில் விவிலியக் கதைகளுடன் 1833 ஆம் ஆண்டு நவம்பரில் வானத்திலிருந்து நட்சத்திரங்கள் உதிர்ந்தாற்போல் பொழிந்த எரிகல் மழையும், 1895 ஆம் ஆண்டின் கடுங்குளிர் நாளும் இடம்பெற்றுள்ளன. எரிகல் மழை அவர் பிறப்பதற்கு முந்திய நிகழ்வு. ஊரார் வாய்வழியாகக் கேட்டதைத் துணியில் பதிந்திருக்கிறார். செய்தியாளர் வேறென்ன செய்கிறார்? ஆனால், மனைவிக்கு நான் வாசித்துக் காட்டியது இன்னொரு வரியை. அந்தப் பெண்மணி கையாலும் தைத்திருக்கிறார், இயந்திரத்தாலும் தைத்திருக்கிறார்.

மனைவி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “ஆர் தைக்கிறது? நீங்களோ?” என்றார். அதுவே அனுமதி.

முதல் எழுத்து ‘ஊ’. மனைவி வரைந்து வைத்திருந்த மாதிரியின் மேல் பசைத்தாளை வைத்து, வெறுந்தாள் புறத்தில் கவனமாகப் பிரதி செய்தேன். கோட்டுக்கு வெளியே கால் அங்குலம் விட்டு வெட்டினேன். பசைப்புறத்தைச் சேலைத்துணியின் பின்புறத்தில் வைத்து மின்னழுத்தியால் ஒட்டினேன். பின்னர் கோட்டின் வழியே வெட்டி, தாளை உரித்து, துணியை நிமிர்த்தி வைத்தேன். எழுத்து இடம்வலமாக மாறிக் கிடந்தது.

“இஞ்சருங்கோ, புறூவ் பாத்த ஆளுக்கு இது தெரியேல்லையே?”

வெட்கமாகத்தான் இருந்தது. ஈய எழுத்துக்கள் அத்தனையும் கண்ணாடி விம்பமாகவே வார்க்கப்பட்டிருக்கும். தாளில் பதியும்போதுதான் நேராகும். அச்சுக்கோப்பாளர்கள் அந்தத் தலைகீழ் எழுத்துக்களை எம்மைவிட வேகமாக வாசிப்பதைப் பல வருடங்கள் அருகில் நின்று பார்த்தவன் நான். துணியின் பின்புறத்தில் ஒட்டுவதால் இங்கும் அதே விதிதான். அதன் பின்னர் மாதிரியை யன்னல் கண்ணாடியில் கவிழ்த்து ஒட்டி, வெளிச்சத்தில் தெரியும் மறுபக்கத்தையே பிரதி செய்தேன்.

இரண்டாவது பாடம் மின்னழுத்தி. சேட்டுக்குத் தேய்ப்பதுபோல் தேய்த்தேன். எழுத்தின் வால் நகர்ந்துவிட்டது. “தேய்க்காதேங்கோ. வைச்சு, அமத்தி, எடுங்கோ” என்றார். சூடாக இருக்கும்போதே தாளை உரித்தால் பசை துணியில் நில்லாமல் தாளோடு வந்துவிடும். ஆறவிட வேண்டும். ஒருமுறை பசைப்புறம் மேலே இருப்பதைக் கவனியாமல் மின்னழுத்தியை வைத்து, அதன் அடித்தட்டு முழுவதும் பசையாகி, சுரண்டித் துடைப்பதில் ஒரு மாலைப்பொழுது கழிந்தது. புதுத்துணியானால் முதலில் தோய்த்துக் கஞ்சியைப் போக்க வேண்டும், இல்லாவிடின் பசை பிடிக்காது. சேலைகள் பலநூறு தடவை தோய்த்தவை என்பதால் அந்த வேலை மிச்சம். நைந்த துணிக்குப் பின்னால் பசை பிடித்ததும் துணிக்கு ஓர் உறுதி வந்தது, வெட்டும்போது நூல் பிரியவில்லை.

ஏழு எழுத்துக்களையும் வெள்ளைச் சதுரங்களில் ஒட்டி முடித்த அன்று வேலை நிறைவுற்றதாகவே எண்ணினேன். பக்கம் ஒட்டிய காலத்தில் ஒட்டியதும் எமது வேலை முடிந்துவிடும். அடுத்த நிமிடம் பக்கம் கமெராவுக்குப் போகும். மனைவி சிரித்தார்.

“ஊசி போகுமட்டும் துணி அசையாமல் இருக்கத்தான் ஒட்டுறது. பிடிச்சு வைச்சிருக்கிறது தையல்.”

காலால் மிதிக்கும் எமது பழைய இயந்திரத்தில் நேர்த்தையல் மட்டுமே உண்டு. வெட்டிய ஓரத்தை மூட வேண்டுமாயின் ஊசி இடமும் வலமுமாக ஓடும் சிக்சாக் தையல் தேவை. புறக்கோட்டையில் மின்சார இயந்திரமொன்றை வாங்கினேன். தையலின் அகலம் மூன்று மில்லிமீற்றர், நெருக்கம் அரை மில்லிமீற்றர், மேல்நூலின் இறுக்கத்தைச் சற்றுத் தளர்த்த வேண்டும் என்று மனைவி கதிரையில் இருந்தபடி சொல்லச் சொல்லத் திருகினேன். தைத்ததும் துணி சுருங்கிப் பப்படம் போலாயிற்று. துணியின் அடியில் ஒரு தாளை வைத்துத் தைத்துவிட்டுப் பிறகு கிழித்தெடுக்க வேண்டுமாம். பழைய பத்திரிகை ஒன்றை எடுத்து வந்தேன்.

“இஞ்ச கொண்டுவராதேங்கோ. மை பிடிக்கும். இவ்வளவு வருசமும் உங்கட பேப்பர் என்ர மேசை விரிப்பிலை பூசின மை காணும்.”

அவர் தந்தது, தன் மாணவிகளின் பழைய அப்பியாசக் கொப்பிகளில் எஞ்சிய வெற்றுத் தாள்களை. 2022 மார்ச் மாதம் அது. அச்சுத்தாள் தட்டுப்பாட்டினால் நாளிதழ்கள் பக்கங்களைக் குறைத்தன, சில அச்சுப் பதிப்பையே இடைநிறுத்தின. வெற்றுத்தாளின் பெறுமதி நாடு முழுவதற்கும் தெரிந்திருந்த நேரம். மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலங்களை எட்டியது. மின்னழுத்திக்கும் இயந்திரத்துக்கும் மின்சாரம் வேண்டும். ஆகவே, மின்சாரம் வருகின்ற நேரத்துக்காக நடுநிசியிலும் காத்திருந்தோம். எனக்கு அது பழகிய நேரம். மனைவிக்கு அல்ல. ஆயினும் அவர் உறங்கப் போகவில்லை.

வளைவுகள்தான் சோதனை. வளைவின் வெளிப்புறத்தைத் தைக்கையில் ஊசி எழுத்துக்கு வெளியே வெள்ளைத் துணியில் இறங்கிய நிலையில் நிறுத்தி, பாதத்தை உயர்த்தித் துணியைச் சிறிது திருப்ப வேண்டும். உட்புற வளைவானால் ஊசி எழுத்தின் மீது இறங்கி நிற்க வேண்டும். மாறிச் செய்தால் தையலுக்கிடையில் முக்கோண இடைவெளி விழும். ‘ஐ’ என்ற ஓரெழுத்தில் எத்தனை தடவை நிறுத்தித் திருப்பியிருப்பேன் என்று கணக்கில்லை. “உள்ளுக்கு”, “வெளியாலை” என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒருமுறை, “இஞ்சரும், நீர் போய்ப் படும், நான் பாக்கிறன்” என்றேன். “நாப்பது வருசமாய் ராவிலை நீங்கள் என்ன செய்யிறியள் எண்டு நான் பாக்கேல்லைத்தானே. இப்ப பாக்கிறன்” என்றார்.

அவர் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அது தைத்தது. இரவுப் பணி முடிந்து அதிகாலையில் வீடு திரும்பும்போதெல்லாம் மேசையில் அவரது தையல் விரிந்து கிடக்கும். அதை ஒதுக்கி வைத்துவிட்டுச் சாப்பிட்டிருக்கிறேன். பொழுதுபோக்கு என்று நண்பர்களிடம் சொல்லியுமிருக்கிறேன். நான் ஆசிரியபீடத்திலிருந்து அவசர அவசரமாக ஒட்டிய பக்கங்கள் மறுநாள் மாலையே பொதி சுற்றும் தாளாயின. அவர் தைத்தவற்றில் மகளின் தொட்டில் விரிப்பு இன்னும் எமது அலுமாரியில் இருக்கின்றது.

ஓகஸ்ட் மாதம் குவில்ட் நிறைவெய்தியது. ஐந்து எழுத்துக்கள் கைத்தையல், ஏழு எழுத்துக்கள் இயந்திரத்தையல். கூர்ந்து பார்ப்பவர்களுக்கு வேறுபாடு தெரியும். ஊர் திரும்பிய ஒருவரின் பயணப்பெட்டியில் அது ரொறன்ரோவுக்குச் சென்றது.

மறு வருடம் மகள் ஒரு படம் அனுப்பினாள். பல தடவை தோய்த்த பின்னர் ‘ஏ’யின் வால்நுனி உயர்ந்து நூல் பிரிந்திருந்தது. அந்த இடத்தில் தையல் ஓரத்தைத் தவறவிட்டிருந்தது. மின்சாரம் நிற்பதற்கு முன் முடித்துவிடலாம் என்ற அவசரம் காரணமென்று எனக்குத் தெரியும். மனைவியின் ஐந்து எழுத்துக்களுக்கும் ஒன்றுமாகவில்லை.

“திரும்ப ஒட்டட்டே அம்மா?” என்று மகள் கேட்டாள்.

“ஒட்டிப்போட்டு விடாதை பிள்ளை. ஊசியும் நூலும் எடு. நான் சொல்லித் தாறன்” என்றார் மனைவி.

தொலைபேசித் திரையின் ஊடாக அரை மணித்தியாலம் சொல்லிக்கொடுத்தார். வாழ்நாளில் ஊசி பிடியாத மகள் அந்த வால்நுனியைக் கையினால் தைத்து முடித்தாள். பத்திரிகையில் நான் விட்ட பிழைகளுக்கு மறுநாள் ஒரு மூலையில் திருத்தம் வெளியிட்டிருக்கிறேன். எவரும் அதை வாசித்ததில்லை. இந்தத் திருத்தத்தை நான் இரண்டு மூன்று தடவை கேட்டு வாங்கிப் பார்த்தேன்.