வில்லன் யார்?

பள்ளி நாடகத்தில் வில்லன் வேடத்திற்குக் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளையொருவனைத் தேர்ந்தெடுத்தேன். ஏன் அவனை? கருத்த மேனியும் கந்தல் சட்டையும் பொருந்துமென எண்ணினேன் போலும்!

"ஐயா, வில்லன் என்றால் என்ன பொருள்?" என்றான். "கொடியவன்" என்றேன். கலைப் பட்டம் பெற்ற எனக்கு அவ்வளவே தெரிந்தது. அன்றிரவு அகராதியைப் புரட்டினேன், வெட்கினேன்.

பண்ணைவீட்டைக் குறிக்கும் 'வில்லா' என்ற இலத்தீன் சொல்லின் வழித்தோன்றல் அது. இடைக்கால இங்கிலாந்தின் சட்டத்திலே அச்சொல் சுட்டியது பண்ணையடிமையை! பிரபுவின் வயலில் கூலியின்றி உழைத்தவன். அனுமதியின்றி ஊரைவிட்டு அகலக்கூடாதவன். நிலவழக்கென்றால் மன்னரின் நீதிமன்றம் அவனுக்குத் திறவாது. மகளுக்கு மணமுடிக்கவும் பிரபுவுக்குப் பணம் கட்டவேண்டும். பெற்றவன் வீட்டில் மணம், பிரபுவின் பெட்டியில் பணம்! அந்த அடிமைப் பெயரையே கயவனுக்கும் சூட்டிற்று மேட்டுக்குடி.

1381-இல் உழவர் கிளர்ந்தெழுந்தனர். விடுதலைப் பட்டயம் வழங்கினான் மன்னன் இரண்டாம் ரிச்சர்டு. கிளர்ச்சி நசுக்கப்பட்டதும், அவ்வாண்டு ஜூலையிலேயே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டான்.

மறுநாள் ஒத்திகையில் அவனிடம் இவற்றைக் கூறினேன்.

"பணம் வாங்கியவருக்கு என்ன பெயர், ஐயா?"

"நோபிள்" என்றேன். 'மேன்மையானவர்' என்பது அச்சொல்லின் பொருள். அதைச் சொல்ல நா எழவில்லை.