கப்பில் ஒட்டிய மாப்பிள்ளை

ஊரிகம்

என் செல்லக் கண்ணு,

மூட்டுவலி எப்படி இருக்கிறது, குடியாத்தத்துத் தண்ணி ஒத்துக்கொண்டதா, உன் பெங்களூர் மருமகள் இன்னும் சாம்பாரில் வெல்லம் போடுகிறாளா என்று வரிசையாக விசாரிக்கணும் என்றுதான் பேனாவை எடுத்தேன். ஆனால் வயிற்றுக்குள் ஒரு சேதி கிடந்து குடைகிறது, அதைக் கொட்டாமல் மற்றது எதுவும் எழுத வராது.

நம் லைன் கோடி வீட்டு அக்காவின் சின்னவளுக்கு நிச்சயம் ஆச்சு என்று எழுதியிருந்தேனே, அது நின்றுபோச்சு. கல்யாணத்துக்கு அப்புறம் பெண் வேலைக்குப் போகக்கூடாது என்றார்களாம் பையன் வீட்டில். விடியுமுன் எழுந்து மாரிக்குப்பம் வண்டியைப் பிடித்து, பங்காரப்பேட்டை வரைக்கும் உட்கார இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம் என்று பெங்களூர் போய், இருட்டின பிறகு வீடு திரும்பி, அப்படிச் சம்பாதித்து அப்பன் வைத்துவிட்டுப் போன கடனை அடைத்தவள்டீ அவள்! மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு மறுநாளே வண்டி ஏறிவிட்டாள். எனக்கு உள்ளூர சந்தோஷம்தான், அக்கா முன்னால் மட்டும் உச்சுக்கொட்டி வைத்தேன்.

அக்காவின் கவலை பெண்ணைப் பற்றி இல்லை, கப்பைப் பற்றி. தாம்பூலப் பையில் தேங்காய்க்குப் பதிலாகக் கப் போடலாம் என்று யாரோ யோசனை சொல்ல, நிச்சயதார்த்தப் போட்டோவைக் கொடுத்து, ராபர்ட்சன்பேட்டையில் ஒரு கடையில் பெட்டி பெட்டியாக அடித்து வாங்கி வைத்துவிட்டார்கள். வெள்ளைப் பீங்கான் கப், ஒரு பக்கம் சிவப்பு இதயத்துக்குள் இரண்டு பேரும், மறுபக்கம் நடக்காமல் போன கல்யாணத்தின் தேதி. பணமும் முழுசாகக் கொடுத்தாச்சு. வெறும் கப்பாவது மிஞ்சட்டும் என்று அக்கா தேங்காய் நாரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள், அப்போது அந்தப் பெண் வாசலில் செருப்பை விட்டுக்கொண்டே என்ன சொன்னாள் தெரியுமா, "அம்மா, அவன் மூஞ்சி மட்டும் போகட்டும், நான் அதில் நல்லா விழுந்திருக்கேன்." நான் சிரித்த சிரிப்பில் புரைக்கேறிவிட்டது.

என் ஓரகத்தி மகன் இப்படிப்பட்ட ஒரு கடையில்தான் நிற்கிறான், அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் சொன்னதைக் கேள். இந்தப் போட்டோ கப்புக்கு வெளிப்பக்கம் மட்டும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிளாஸ்டிக் பூச்சு அடித்துத்தான் வருமாம். படத்தைத் தாளில் அச்சடித்து, கப்பைச் சுற்றி ஒட்டி, மெஷினில் வைத்து 180, 200 டிகிரி சூட்டில் சில நிமிஷம் அழுத்தினால், மை ஆவியாகி அந்தப் பூச்சுக்குள் இறங்கிவிடுகிறது. படம் பூச்சின் மேலே இல்லை, உள்ளே இருக்கிறது. அதனால்தான் நாரும் சோப்பும் வருஷக்கணக்கில் தேய்த்தாலும் அசைவதில்லை. பூச்சு போனால்தான் படம் போகும். பூச்சை இளக்க அசிட்டோன் வேணும், அதாவது நெயில் பாலிஷ் அழிக்கிற தண்ணி. அதிலும் இப்போது அசிட்டோன் இல்லாததும் விற்கிறார்கள், அது இதற்கு உதவாது, பாட்டிலில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்கணும்.

பெண் பக்கத்துக்கு டேப் ஒட்டி மறைத்துவிட்டு, பையன் பக்கத்தில் அசிட்டோனில் நனைத்த பஞ்சை வைத்து, காய்ந்துவிடாமல் மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றி ஊறவிட்டு, பிறகு பழைய ஏடிஎம் கார்டால் சுரண்டினோம். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, அடுப்புப் பக்கமே போகாமல், பின்கட்டில்தான் செய்தது. அது பெட்ரோல் மாதிரி பற்றிக்கொள்கிற சாமான். ஒரு கப்பில் தோல் உரிகிற மாதிரி வந்தது, இன்னொன்றில் மூஞ்சி மங்கி ஆவி நிற்கிற மாதிரி நின்றுவிட்டது. பூச்சு எல்லாக் கப்பிலும் ஒரே தரமாக இருக்காதாம். உரிந்த இடத்தில் பளபளப்பு கொஞ்சம் மாறித்தான் தெரிகிறது. எல்லாவற்றையும் விட வேடிக்கை, பையன் அவள் தோளில் கை போட்டிருந்தானே, அந்தக் கை டேப்புக்கு அடியில் மாட்டிக்கொண்டது. ஆள் போய்விட்டான், விரல் நாலும் தோளிலேயே இருக்கிறது!

அக்கா கப் அடித்து வாங்கின அதே ராபர்ட்சன்பேட்டைக் கடையில் நம் ஊர் சயனைடு மலை படம் போட்ட கப்பும் விற்கிறது. 2018-ல் நம் ஊர்த் தங்கச் சுரங்கத்தை வைத்து அந்த யஷ் படம் வந்தாலும் வந்தது, ஞாயிற்றுக்கிழமை ஆனால் கார் போட்டு வந்து, "சினிமாவில் வருகிற மலை எங்கே இருக்கு" என்று நம்மையே கேட்கிறார்கள். மலையாம் மலை! தாத்தன் பாட்டன் பூமிக்கடியில் உடைத்து ஏற்றின கல்லை அரைத்து, தங்கத்தை எடுத்துக்கொண்டு கொட்டின தூள் அது. காற்றுக்காலத்தில் அது பறந்து வந்து காயப்போட்ட துணியில் எல்லாம் படிகிறது. ஒருநாள் இங்கே துவைத்துப் பார்த்தால் தெரியும் இவர்களுக்கு.

என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்? ஆ, கப். இந்தக் கதை லைன் முழுக்கப் பரவி, ஆளாளுக்குப் பரணிலிருந்து கப்பை இறக்கிவிட்டார்கள். அதில் பாதி, முழுகிப்போன அந்தச் சீட்டுக் கம்பெனி புதுவருஷத்துக்குக் கொடுத்தது. நினைவிருக்கா, நீலத்தில் பெரிய எழுத்தில் பேர் போட்டு? நம் வீட்டுக்காரர் அந்தப் பேரைப் பார்த்தாலே காபியை வைத்துவிட்டு எழுந்து போவார். ஆனால் அது அசிட்டோனுக்கு மசியவில்லை. பெங்களூரில் இன்சுலேட்டர் செய்கிற பீங்கான் பேக்டரியில் இருந்து ரிட்டயர் ஆன என் பெரியப்பா மகனுக்குப் போன் போட்டேன். அண்ணன் சொன்னார், அது வேறு ஜாதி அச்சு: கண்ணாடித் தூளில் கலந்த வண்ணத்தை ஸ்டிக்கராக ஒட்டி 700, 800 டிகிரி சூளையில் சுட்டது, கப்பின் மேல்பளபளப்போடு உருகி ஒன்றாகிவிட்டது. நகத்தால் தடவிப் பார், எழுத்து கொஞ்சம் மேடு தட்டினால் இந்த வகை. வீட்டில் இருக்கிற எதுவும் அதை எடுக்காது. உப்புத்தாள் போட்டால் எழுத்தோடு பளபளப்பும் போய், டீக்கறை உள்ளே இறங்கிவிடும். எதிர்வீட்டில் அதைத்தான் செய்து வைத்திருக்கிறார்கள், இப்போது அந்தக் கப்பைப் பார்க்கச் சகிக்கவில்லை. கண்ணாடியையே தின்கிற ஹைட்ரோபுளூரிக் ஆசிட் என்று ஒன்று உண்டு, துரு எடுக்கிற சில மருந்துகளில் கலப்பார்களாம். அதைத் தொடவே தொடாதே என்று அண்ணன் சத்தம் போட்டுச் சொன்னார்; தோலில் பட்டால் முதலில் வலிகூடத் தெரியாமல் எலும்பு வரைக்கும் இறங்குமாம். பழைய கப்புகளின் சிவப்பு மஞ்சள் வண்ணத்தில் ஈயமும் காட்மியமும் இருக்கலாம், அதனால் சுரண்டிப் பாதி போன கப்பில் எலுமிச்சை டீ மாதிரிப் புளிப்பு எதுவும் ஊற்றிக் குடிக்காதே. உன்னிடமும் அந்தச் சீட்டுக் கம்பெனி கப் இருந்தால் சீப்பும் ஹேர்பின்னும் போட்டு வை.

மாமியாருடைய தங்க விளிம்பு கப்தான் சுலபமாக முடிந்தது. என் பையன் மைக்ரோவேவ் வாங்கி வைத்திருக்கிறான், விளிம்பில் தங்கம் இருந்தால் உள்ளே பொறி பறக்கும். எடுக்கணும் என்றதும் மாமியார், "ஊர் முழுக்கத் தங்கத்தை எடுத்துத்தான் ஓட்டாண்டி ஆச்சு, இதையும் எடு" என்றார். இது நிஜத் தங்கம்தான் கண்ணு. தங்கம் கரைந்த பழுப்புத் தைலத்தைத் தூரிகையால் தீட்டிச் சுட்டால் பளபளவென்று வந்துவிடுமாம், ஆனால் தலைமுடி கனத்தில் நூறில் ஒரு பங்குகூட இராது. எலுமிச்சை, வினிகர் எதற்கும் தங்கம் கரையாது என்று உனக்கா சொல்லணும்? கரைக்கிறது என்றால் ராஜதிராவகம், இல்லையென்றால் நம் ஊர் சயனைடு. 1887-ல் ஸ்காட்லாந்துக்காரர்கள் கண்டுபிடித்த அந்த முறையை வைத்துத்தானே மில்லில் என் மாமனார் காலம் வரைக்கும் கல்தூளிலிருந்து தங்கத்தைக் கறந்தார்கள். 120 வருஷத்தில் 800 டன் தங்கத்தை எடுத்துக்கொண்டு, 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடிவிட்டுப் போனார்கள். கப்புக்கு அவ்வளவு தேவைப்படவில்லை. பேனா மை அழிக்கிற சொரசொரப்பு ரப்பர் இருக்கே, பேத்தியின் பென்சில் டப்பாவில் கிடந்தது, அதை வைத்துப் பொறுமையாகத் தேய்க்கத் தேய்க்கப் போய்விட்டது. மாமியார் அந்த ரப்பர் தூளை ஒரு காகிதத்தில் மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துக்கொண்டார், நான் ஒன்றும் கேட்கவில்லை.

உன் மூட்டுக்கு வருகிறேன். நடையை விடாதே, மருந்தையும் விடாதே, அந்த எண்ணெய்க்காரன் சொல்கிறான் என்று பணத்தைக் கொட்டாதே. மருமகளோடு வெல்லத்துக்காகச் சண்டை பிடிக்காதே, அவள் வடையாவது நன்றாகச் சுடுகிறாள். மாரியம்மன் திருவிழாவுக்கு வந்தால் இங்கேயே தங்கணும், உன் நாத்தனார் வீட்டுக்குப் போனாய் என்றால் பேசமாட்டேன்.

இப்படிக்கு,
உன் ஊரிகத்துக்காரி

பி.கு.: அந்தப் பெண் கப் ஒன்றை ஆபீசுக்கு எடுத்துப்போய்விட்டாள், தோளில் யார் கை என்று கேட்டவர்களிடம் தம்பி கை என்கிறாளாம். மிச்சத்தை அக்கா அக்கம்பக்கம் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். உனக்கு வேணும் என்றால் எழுது, மூஞ்சி சுத்தமாகப் போனதாகப் பார்த்து எடுத்து வைக்கிறேன்.